கரைதான் ஆபத்து: வாசகர் கேள்விகளும் ஒரு தனிப் படகோட்டியின் பதில்களும்

பனாமாவில் புறப்பட்டு மார்க்கேசஸ், டுவாமோட்டு, டாஹிட்டி, சுவாரோ, நியுவே, டோங்கா என்று தீவு தீவாகத் தாண்டி, 'பிடிவாதம்' என்ற என் முப்பத்திரண்டு அடிப் பாய்மரப் படகு பிஜிக்கு வந்து சேர்ந்துவிட்டது. "பயணம் முடிந்தது" என்று சென்ற இதழில் நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி சுறாவைப் பற்றியவை. அவர்கள் அனைவருக்கும் ஒரே பதில்: பார்த்தேன், அவை என்னைப் பொருட்படுத்தவில்லை. மீதிக் கேள்விகளுக்கு வருவோம்.

கே: கரை தெரிந்த கடைசி நாளில் என்ன உணர்ந்தீர்கள், ஐயா? கண்ணீர் வந்ததா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்)

ப: எரிச்சல்தான் வந்தது, அம்மா. பிற்பகலில் பிஜியின் பெரிய தீவான விட்டி லெவுவின் மலைகள் தெரிந்தன. காற்றும் நன்றாக இருந்தது. ஆனால் அதே வேகத்தில் போனால் நவுலா வாயிலை இருட்டிய பிறகுதான் எட்டுவேன் என்று கணக்குச் சொன்னது. தீவின் மேற்குப் பக்கத்தை வளைத்துக் கிடக்கும் பவளத்திட்டில் உள்ள இடைவெளிதான் நவுலா. அகலமான வாயில், வழிகாட்டும் விளக்கும் உண்டு, இரவில் நுழைகிறவர்களும் இருக்கிறார்கள். நான் நுழையவில்லை. திட்டிலிருந்து நன்றாக விலகிப் படகை நிறுத்திவிட்டேன்.

பாய்மரப் படகுக்கு பிரேக் கிடையாது. ஆனால் கடலில் நிறுத்த ஒரு வழி இருக்கிறது. முன்பாயைக் காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்ட வேண்டும். சுக்கானை அதற்கு எதிராகத் திருப்பிக் கட்ட வேண்டும். பாய் படகின் மூக்கைக் காற்றிலிருந்து விலக்கப் பார்க்கும், சுக்கான் அதைக் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கும். ஒன்றை ஒன்று அடக்கிக்கொண்டு படகு மிக மெதுவாக நகரும். ஆட்டம்கூட அடங்கிவிடும். கையெட்டும் தூரத்தில் கரை தெரிய, இப்படி ஓர் இரவு முழுக்கக் காத்திருப்பது மனத்துக்குக் கொடுமையான வேலை. உடம்பு களைத்திருக்கிறது, துறைமுக விளக்குகளின் வெளிச்சம் வானத்தில் தெரிகிறது, "போய்விடலாமே" என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தனியாக வரும்போது அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்லவும் நாமேதான் இருக்கிறோம்.

நடுக்கடலில் எனக்குக் கீழே நான்காயிரம் மீட்டர் தண்ணீர் இருந்தது. மோதுவதற்கு ஒன்றுமே இல்லை. வெப்பமண்டலத் தீவுகளில் படகுகள் உடைவது பெரும்பாலும் பயணத்தின் கடைசி சில மைல்களில், பவளத்திட்டில். டுவாமோட்டுத் தீவுக்கூட்டத்துக்குப் பழைய மாலுமிகள் 'ஆபத்துத் தீவுக்கூட்டம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். நிலம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே நிற்கும். தென்னை உச்சி தெரிந்தபோது தீவு ஏற்கெனவே பக்கத்தில் இருக்கும்.

பவளத்துக்குள் நுழைய வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது. தண்ணீரின் நிறத்தைப் படிக்க வேண்டும். கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் மணல், பழுப்பு என்றால் திரும்பிப் போ. சூரியன் உயரத்திலோ முதுகுப் பக்கத்திலோ இருந்தால்தான் இந்த நிறங்கள் தெரியும். எதிரே இருந்தால் கடல் முழுக்க வெறும் கண்ணாடிப் பளபளப்புதான். நவுலாவில் நுழையும்போது காலைச் சூரியன் முகத்தில் அடிக்கும். எனவே விடிந்த பிறகும் அது நன்றாக மேலேறும் வரை காத்திருந்தேன். உள்ளே வந்து நங்கூரம் பிடித்த பிறகு செய்த முதல் காரியம் எஞ்சின் எண்ணெய் மட்டம் பார்த்தது. நான் கப்பல் எஞ்சினியராகப் பாதி ஆயுளைக் கழித்தவன், பழக்கம் போகாது.

கே: துறைமுகத்தில் மாலை மரியாதை உண்டா?

ப: மஞ்சள் கொடி உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் படகு முதலில் ஏற்ற வேண்டியது அதுதான். "என் கப்பலில் நோயில்லை, உள்ளே வர அனுமதி வேண்டும்" என்று அதற்குப் பொருள். சுகாதாரம், சுங்கம், குடிவரவு, உயிரிப் பாதுகாப்பு என்று எல்லாரும் வந்து முடிக்கும்வரை கரையில் கால் வைக்கக் கூடாது. பிஜிக்கு வருகிறவர்கள் புறப்படும்போதே முன்னறிவிப்புப் படிவமும் அனுப்ப வேண்டும். ஒரு பெருங்கடலைத் தாண்டி வந்தவன், காய்கறிப் பெட்டியை அதிகாரி கிளறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. படிவத்தில் படகின் பெயரை எழுத அந்த இளைஞர் பட்ட பாட்டைப் பார்த்து, வேறு பெயர் வைத்திருக்கலாமோ என்று தோன்றியது.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969 ஏப்ரல் 22 அன்று, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதராக இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குத் திரும்பினார். 312 நாள் பயணம். படகில் ஏறிய சுங்க அதிகாரிகள் வழக்கப்படி கேட்ட கேள்வி, "எங்கிருந்து வருகிறீர்கள்?" அவர் சொன்ன பதில், "ஃபால்மத்திலிருந்து." அவருடைய 'சுஹைலி' படகு பம்பாயில் தேக்கால் கட்டப்பட்டது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கே: தனியாக இருந்தால் எப்போது தூங்குவீர்கள்? நங்கூரம் போட்டுவிட்டா?

ப: நான்காயிரம் மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட முடியாது. படகு ஓடிக்கொண்டே இருக்கும், நான் துண்டு துண்டாகத் தூங்குவேன்.

கப்பல் தடங்கள் இருக்கும் இடத்தில் இருபது நிமிடம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தாழ்வான படகிலிருந்து ஒரு சரக்குக் கப்பலை எட்டு மைல் தூரத்தில் கண்டுகொள்ளலாம் என்று வைத்துக்கொள்வோம். அது இருபது நாட், அதாவது மணிக்கு இருபது கடல் மைல், வேகத்தில் நேராக வருகிறது, நான் ஐந்து நாட் வேகத்தில் அதை நோக்கிப் போகிறேன். இருவரும் சந்திக்கச் சுமார் பத்தொன்பது நிமிடம். ஆக, கடிகாரம் அடித்ததும் எழுந்து, அடிவானத்தை ஒரு முழுச் சுற்று பார்த்துவிட்டு, மறுபடி படுக்க வேண்டும். இப்போது கப்பல்களைத் தானாக அடையாளம் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி உதவுகிறது. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் இடம், திசை, வேகத்தை அதில் ஒலிபரப்பியே ஆக வேண்டும். அருகில் வந்தால் என் கருவி கத்தும். அதனால் வெறிச்சோடிய கடலில் தூக்கத்தை ஒரு மணி நேரம்வரை நீட்டிக்கொள்வேன். சிறிய மீன்பிடிப் படகுகளிடம் அந்தக் கருவி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அது வேறு கதை.

சட்டப்படி பார்த்தால் இது தவறு. 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, ஒவ்வொரு கலமும் எப்போதும் கண்ணாலும் காதாலும் சரியான கண்காணிப்பு வைத்திருக்க வேண்டும் என்கிறது. தனியாகப் போகிற எவனும் அதை முழுமையாகக் கடைப்பிடிக்க முடியாது. இந்த விளையாட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த விதியைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

பயணம் முடிந்தும் உடம்புக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கரையில் அசையாத கட்டிலில் படுத்தும் திடுக்கிட்டு எழுந்து, வாசலுக்கு வந்து இருட்டை ஒரு சுற்று பார்க்கிறேன். நிலம் ஆடுகிறது. குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அனுப்பும் செய்தியை அலைக்கேற்பப் படிக்கப் பழகிய மூளை, அசையாத தரையை நம்ப மறுக்கும் நிலை இது. பலருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

கே: ஒரு நாள் காணாமல் போனதாக எழுதியிருந்தீர்கள். என்ன விந்தை? (பள்ளி மாணவன்)

ப: தம்பி, நியுவே தீவும் டோங்காவின் வவாவு தீவும் இருநூற்றுச் சொச்சம் மைல்தான் தள்ளியிருக்கின்றன. நியுவே உலகப் பொது நேரத்துக்குப் பதினொரு மணி பின்னால், டோங்கா பதின்மூன்று மணி முன்னால். கூட்டிப் பார்: இருபத்துநான்கு. அதாவது கடிகார முள்ளைத் தொடவே வேண்டாம், தேதியை மட்டும் கிழித்தால் போதும். டோங்கா உண்மையில் 180 பாகை தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருக்கிறது. வழக்கமாக அந்த ரேகையை ஒட்டிப் போகும் தேதிக்கோடு, அதாவது தாண்டினால் தேதி மாறும் கற்பனைக் கோடு, டோங்காவுக்காக வளைந்து போகிறது. அந்தத் தீர்க்கரேகை நிஜமாகவே நிலத்தைத் தொடுவதைப் பார்க்க பிஜியின் தவேவுனி தீவுக்குப் போகலாம்.

கே: நாற்பது தீவுகளின் பெயர் சொல்கிறீர்கள். மறக்க முடியாதது எது? தனிமை உங்களை வாட்டவில்லையா?

ப: சுவாரோ. குக் தீவுகளைச் சேர்ந்த பவள வளையம். ஊர் இல்லை, கடை இல்லை. தேசியப் பூங்காவாக இருப்பதால் பருவ காலத்தில் காவலர்கள் மட்டும் தங்குகிறார்கள். 1814இல் இதைக் கண்ட ரஷ்யக் கப்பலின் பெயர் 'சுவோரோவ்'. தீவின் பெயர் அதிலிருந்து வந்தது.

டாம் நீல் என்ற நியூசிலாந்துக்காரர் 1952இல், ஐம்பதை நெருங்கும் வயதில், இங்கே தனியாக வாழ வந்தார். முதுகு பிடித்துக்கொண்டு அசைய முடியாமல் கிடந்தபோது தற்செயலாக வந்த ஒரு படகுக்காரர்கள் காப்பாற்றினார்கள். 1954இல் வெளியேறினார். 1960இல் திரும்பி வந்தார். மறுபடி போனார். 1967இல் மூன்றாம் முறை வந்தவர், 1977இல் நோய் முற்றி அதே குக் தீவுகளின் ரரொடொங்காவுக்குக் கொண்டுபோகப்படும்வரை அங்கேயே இருந்தார். எனக்கு அந்தத் தீவு மறக்காததற்கு அவரும் ஒரு காரணம். ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஒத்துவரவில்லை என்று திரும்பிய மனிதர்.

தனிமைமேல் எனக்கு அந்த அளவு பிடிப்பு கிடையாது. தனிமை வாட்டியதா என்றால், நடுக்கடலில் இல்லை. அங்கே எப்போதும் வேலை இருக்கிறது. நங்கூரம் போட்ட மாலைகளில், பக்கத்துப் படகில் நான்கு பேர் சிரிக்கும் சத்தம் தண்ணீர் மேல் தெளிவாக வரும்போது வாட்டியது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத டாஹிட்டித் துறைமுகத்தில் நன்றாகவே வாட்டியது.

கே: என்னென்ன உடைந்தன?

ப: கடைசியில் என் மொழியில் ஒரு கேள்வி! உடைந்தது குறைவு, தேய்ந்தது அதிகம். வெப்பமண்டலக் கடலில் கிழக்கிலிருந்து விடாமல் வீசும் வியாபாரக் காற்றில் படகு வாரக்கணக்கில் ஒரே பக்கம் காற்றை வாங்கிக்கொண்டு, இடதும் வலதுமாக உருண்டுகொண்டே போகும். ஒரு கயிறு ஒரு கப்பியின் விளிம்பில் உரசினால், அதே இடத்தில், நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை, இரவும் பகலும் உரசும். இதற்கு மருந்து மிக எளிது: தினமும் காலையில் எல்லாக் கயிற்றையும் ஒரு சாண் தளர்த்தியோ இழுத்தோ உரசும் இடத்தை மாற்றிவிடுவது. புயலில் முறியாத பாய்மரம், அதைத் தாங்கும் கம்பியின் ஒரு சின்ன ஊசிக்கொக்கி தேய்ந்து கழன்றதால் விழலாம். அதனால் அணியத்திலிருந்து பின்பக்கம்வரை நடந்து, மேல்தளத்தில் விழுந்து கிடக்கும் ஆணி, வளையம் எதையாவது தேடுவது என் காலைக் கடமை. கிடைத்தால் நல்ல செய்தி இல்லை.

மிகவும் உழைத்தது காற்றாடிச் சுக்கான் கருவி. மின்சாரம் வேண்டாம். பின்பக்கத்தில் நிற்கும் ஒரு பலகை காற்றின் திசைக்கு வைக்கப்பட்டிருக்கும். படகு வழி விலகினால் காற்று அந்தப் பலகையைச் சாய்க்கும். சாயும் பலகை தண்ணீருக்குள் தொங்கும் ஒரு துடுப்பைச் சற்றே திருப்பும். ஓடும் தண்ணீர் அந்தத் துடுப்பைப் பலமாகப் பக்கவாட்டில் தள்ளும். துடுப்பில் கட்டிய கயிறுகள் சுக்கானை இழுத்துப் படகைத் திருப்பிவிடும். விரலால் தள்ளக்கூடிய பலகைக்குத் தண்ணீர் தன் பலத்தைக் கடன் கொடுக்கிறது. படகு வேகமாகப் போகப் போகக் கருவியின் பலமும் கூடும். 1960இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் முதல் போட்டியில் கலந்துகொண்ட பிளாண்டி ஹாஸ்லர் இந்த வகைக் கருவிகளுக்கு முன்னோடி. எஞ்சின் அறைகளில் எத்தனையோ இயந்திரங்களோடு வாழ்ந்திருக்கிறேன். இதைவிட அழகானதைப் பார்த்ததில்லை.

கே: பிரெஞ்சு மாலுமி மொய்ட்டெசியர் போட்டியை முடிக்காமலே போய்விட்டாராமே. உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா?

ப: அறியாதவர்களுக்காக: நாக்ஸ்-ஜான்ஸ்டனின் அந்த உலகச் சுற்று ஒரு போட்டி; அவர் முதலில் வந்த அதே போட்டியில் பெர்னார் மொய்ட்டெசியரும் இருந்தார். தெற்குப் பெருங்கடலைச் சுற்றி முடித்துவிட்டார், விரைவான நேரத்துக்கான பரிசு கிடைக்கும் வாய்ப்பும் இருந்தது. ஆனால் இங்கிலாந்துக்குத் திரும்பாமல் மறுபடி நன்னம்பிக்கை முனைப் பக்கம் திருப்பினார். 1969 மார்ச்சில் ஒரு கப்பலின் தளத்தில் கவண்வில்லால் செய்தியை எறிந்துவிட்டு, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று முடித்து ஜூனில் டாஹிட்டியில் இறங்கினார்.

அந்தக் கதையை நானும் இளமையில் கொண்டாடியவன். இந்த வயதில் அவருக்காக ஒரு குடும்பம் காத்திருந்ததும் நினைவுக்கு வருகிறது. எனக்கு நிற்காமல் போகத் தோன்றியது உண்டு, டோங்காவைத் தாண்டிய ஓர் இரவில், பலமாகவே. ஆனால் தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிப் பருவம். படகின் அடியில் சிப்பி ஒட்டியிருந்தது. பாயின் தையல் விட்டிருந்தது. ஆசைக்கு இடம் கொடுக்கும் நிலையில் படகு இல்லை.

கே: இப்போது படகு எங்கே? விற்றுவிட்டீர்களா?

ப: புதைத்துவிட்டேன்.

விளையாட்டில்லை. விட்டி லெவுவின் மேற்குக் கரையில் உள்ள வுடா மரினாவில் சூறாவளிக் குழிகள் இருக்கின்றன. படகைத் தூக்கி, அடியில் துருத்தி நிற்கும் அடிக்கட்டை குழிக்குள் இறங்கும்படி வைத்து, உடல்பகுதி பழைய டயர்கள்மேல் தரைமட்டத்தில் உட்காரும்படி செய்கிறார்கள். பிறகு நிலத்தில் பதித்த கொக்கிகளோடு பட்டைகளால் கட்டுகிறார்கள். முட்டுக் கொடுத்து உயரத்தில் நிறுத்திய படகு காற்றில் சாய்ந்தால் பக்கத்துப் படகையும் சேர்த்துத் தள்ளும். இதற்கு விழ இடமே இல்லை. 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் சூறாவளி இதே தீவைத் தாக்கியது. தென் அரைக்கோளத்தில் கரை கடந்தவற்றில் பதிவான மிகக் கடுமையான சூறாவளி அது. இப்படிப்பட்ட சூறாவளிகளுக்குப் பயந்து பலர் அக்டோபர் கடைசியில், தெற்கே சுமார் 1,100 மைல் தள்ளியுள்ள நியூசிலாந்துக்கு ஓடிவிடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பாதையில் வியாபாரக் காற்று முடிந்துபோய், மேற்கிலிருந்து வரிசையாக வரும் குளிர்காற்று மண்டலங்களைக் கணித்துப் போக வேண்டும். தனியாக, களைப்போடு, பருவக் கடைசியில் அதைச் செய்ய விருப்பமில்லை.

மூடி வைப்பதே ஒரு வாரத்துக்கு மேல் இழுத்த வேலை. பாய்கள் அனைத்தும் கீழே இறங்கி மடிந்தன. எஞ்சினின் கடல்நீர்ப் பாதையில் நன்னீர் ஓடியது. டீசல் தொட்டி விளிம்புவரை நிரம்பியது. காலி இடம் இருந்தால் உள்ளே ஈரம் படிந்து எரிபொருளோடு கலக்கும், அதில் பூஞ்சை வளரும். அட்டைப் பெட்டி ஒன்றுகூட உள்ளே விடவில்லை; கரப்பான் முட்டை அதில்தான் ஏறி வரும். படகின் அடிமட்ட வால்வுகளை மூடி, எது மூடியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி எஞ்சின் மேல் ஒட்டிவிட்டு வந்தேன். மே மாதம் திரும்பும்போது அதைப் படிக்கப் போகிறவனுக்கு ஞாபகம் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

கே: இந்தப் பயணத்தால் யாருக்கு என்ன பயன்? (பெயர் வெளியிட விரும்பாதவர்)

ப: யாருக்கும் ஒன்றுமில்லை. சாதனை என்றும் சொல்லாதீர்கள். செயற்கைக்கோள் என் இடத்தைச் சில மீட்டர் பிழைக்குள் சொல்லிக்கொண்டே வந்தது. மைக்ரோனேசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக் 1976இல் ஹொகுலேயா என்ற இரட்டை ஓடப் படகை ஹவாயிலிருந்து டாஹிட்டிக்கு எந்தக் கருவியும் இல்லாமல் வழிநடத்தினார். நட்சத்திரம் எழும் இடம், அலை படகைத் தொடும் விதம், பறவைகள் போகும் திசை ஆகியவைதான் அவருடைய வரைபடம். திசைகாட்டியை மூடிவைத்து அலையை மட்டும் நம்பிப் பார்க்கலாம் என்று ஓர் இரவு முயன்றேன். ஒரு மணி நேரத்தில் மூடியைத் திறந்துவிட்டேன்.

கே: நான் கல்லூரி மாணவி. கடலைத் தனியாகக் கடக்க ஆசை. எங்கே தொடங்குவது? நீச்சல் எவ்வளவு தெரிய வேண்டும்?

ப: முதலில் நீச்சல். கரைக்கு அருகே பயன்படும், கற்றுக்கொள், அம்மா. நடுக்கடலில் தனியாக இருப்பவள் தவறி விழுந்தால், காற்றாடிக் கருவி படகை ஒழுங்காக ஓட்டிக்கொண்டு போய்விடும். நீந்திப் பிடிக்க முடியாது. அதனால் இடுப்பு வாரைப் படகோடு மாட்டாமல் மேல்தளத்துக்கு வராதே. கடல் அமைதியாக இருக்கும் நாளில்தான் மாட்ட மறக்கத் தோன்றும்.

உனக்கு முன்னுதாரணங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. திலீப் தோந்தே 2010இல் தனியாக உலகைச் சுற்றி முடித்த முதல் இந்தியர். அபிலாஷ் டோமி 2013இல் எங்கும் நிற்காமல் அதைச் செய்தார். கடற்படை அதிகாரிகள் ரூபா அழகிரிசாமியும் தில்னாவும் இருவராக 'தாரிணி' படகில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள். இவர்கள் யாரும் முதல் நாளே தனியாகப் போகவில்லை. ஆண்டுக்கணக்கில் பிறர் படகில், பிறர் சொல்கேட்டு ஓட்டியவர்கள்.

நீயும் அப்படியே செய். சுக்கானும் பாயும் மட்டுமே உள்ள சின்னஞ்சிறு படகில் தொடங்கு. அதில் ஒவ்வொரு தவறுக்கும் உடனே தண்டனை கிடைக்கும். பிறகு யாராவது நெடுந்தூரம் போகும்போது பணியாளாகச் சேர். அங்கே குமட்டலோடு சமைக்க முடிகிறதா, நள்ளிரவுக் காவலில் விழித்திருக்க முடிகிறதா என்று பார். டீசல் எஞ்சினில் காற்று புகுந்தால் அதை வெளியேற்றக் கற்றுக்கொள். ஒரு பை நிறையப் புத்தகங்கள் கொண்டுபோகலாம், கவலைப்படாதே, நேரம் இருக்கும். அடுத்த கடிதத்தில் எந்தப் படகில் ஏறியிருக்கிறாய் என்று எழுது. அந்த எஞ்சினின் மாதிரி எண்ணையும் சேர்த்து எழுது.